இருக்கை ஒருமைப்பாட்டுத் திட்டம்

மனிதகுலம் ஒன்றுபட வேண்டும் என்று எத்தனையோ மகான்கள் தொண்டை வற்றப் பேசிப் பார்த்தார்கள். சிலர் உயிரையும் கொடுத்தார்கள். பாவம், அவர்களில் ஒருவருக்கும் ஒரு துணைக்குழு அமைக்கத் தோன்றவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை ஒரு சின்னத் திருச்சபையைச் சேரும். கார் பழுது பார்க்கும் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவில், ஒரு காலத்தில் மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடத்தில் அது கூடுகிறது. மழை நாளில் உள்ளே போனால் இன்றைக்கும் வார்னிஷ் வாடை அடிக்கும்.

சபை சின்னதே தவிர, அதில் இல்லாத ரக மனிதர் கிடையாது. கைதூக்கிப் பாடுகிறவர்கள் உண்டு, கைகட்டிப் பாடுகிறவர்கள் உண்டு, வாயை மட்டும் அசைக்கிறவர்களும் உண்டு. பரமண்டல ஜெபத்தை அவரவர் தாய்மொழியில் சொல்வது அங்கே வழக்கம். எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவார்கள், ஒவ்வொரு மொழியாக முடிப்பார்கள். கடைசியாக ‘ஆமென்’ சொல்லும் மொழிக்காரர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். பல் டாக்டர், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர், இரவு ஷிப்டு முடித்து நேராக வந்து பிரசங்கத்தில் கண்ணயரும் நர்சுகள், லாரி ஆபீஸ் முதலாளி, படிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள் என்று இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழே சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்து வந்தார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருந்த வழி மிக எளியது. அவரவர் பெஞ்சில் அவரவர் உட்கார்ந்துகொண்டார்கள்.

கடைசி வரிசையின் ஓரம் டெய்லர் அக்காவுடையது. சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்காதான். அவளுடைய கணவர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சில் பாதியும் போய்விட்டன. அவருடைய சக்கர நாற்காலி கதவு வழியாக வந்து நிற்க அந்த ஓரத்தில்தான் இடம் உண்டு. பக்கத்தில் அக்கா உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வரி வரியாக விரலை நகர்த்துவாள். அவருக்கு வார்த்தை குழறும், ஆனால் ராகம் பிசகாது. போதகர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அக்கா அவர் காதில் திருப்பிச் சொல்லுவாள். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு அவர் தனியாகச் சிரிப்பார்.

வாரத்தில் மற்ற நாளெல்லாம் அவள் தையல் மிஷினுக்கு முன்னால், அவர் கட்டிலில் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு. இரண்டு பேரும் தோளோடு தோள் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை அந்த ஆராதனை நேரத்தில் மட்டும்தான். கடவுள் மேல் அவளுக்கு இருந்த பக்தியில் பாதி அந்தப் பக்கத்து இடத்தின் மேல் இருந்த ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கடவுளுக்குத் தெரியும் என்று விட்டிருந்தாள்.

இப்படி இருக்கையில், சபைகளையெல்லாம் மேற்பார்க்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பலதரப்பட்ட மக்களை ‘உண்மையாகவே’ ஒன்றிணைத்த சபைக்கு நல்லிணக்க விருது தரப்போகிறார்களாம். சபைச் செயலாளருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவர் காப்பீட்டு நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவர். எந்த விஷயத்தையும் நோக்கம், வரைமுறை, விதிவிலக்கு என்று மூன்றாகப் பிரிக்காமல் அவரால் பார்க்க முடியாது. சபை முழுவதும் இத்தனை காலம் பெஞ்சு பெஞ்சாகப் பிரிந்து கிடந்திருக்கிறதே என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ‘இருக்கை ஒருமைப்பாட்டுத் திட்டம்’ பிறந்தது, அதை நடத்த ஒரு துணைக்குழுவும் பிறந்தது.

திட்டம் தெளிவானது. எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவது. வாராவாரம் குலுக்கி எடுப்பது. சீட்டில் வருகிறவர் தன் பழைய இடத்தைத் தியாகம் செய்து, குழு காட்டுகிற பெஞ்சில், இதுவரை பேசியறியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருவது. போதகர் இதை அறிவித்தபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. பிறகு அவரவர் இடத்தில் உட்கார்ந்தது.

விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்று செயலாளர் ஒரு வரி சேர்த்திருந்தார். அவர் நியாயஸ்தர். அந்த வாரமே குழு கூடி எல்லாக் கோரிக்கைகளையும் ஜெபத்தோடு பரிசீலித்தது. பல் டாக்டர் ஜன்னலோரம் இருந்தால்தான் அவருக்கு செல்போன் சிக்னல் கிடைக்கும், யாருக்காவது பல்வலி வந்தால் என்ன ஆவது என்று விலக்கு அளித்தது. கல்லூரி முதல்வருக்கு இடது காது மட்டும்தான் கேட்கும் என்பதால் அவர் வலது சுவரை விட்டு நகரக் கூடாது. (வீட்டில் இரண்டு காதும் கேட்காது என்று அவர் மனைவி சொன்னது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.) லாரி ஆபீஸ் முதலாளி உட்காரும் பெஞ்சு அவர் அப்பா பெயரில் கொடுத்தது, அப்பாவை விட்டுப் பிள்ளையைப் பிரிப்பது வேதத்துக்கு விரோதம். சின்னப் பிள்ளை உள்ளவர்கள் கதவுப் பக்கம் இருந்தாக வேண்டும். பெரிய பிள்ளை உள்ளவர்கள் பிள்ளைகளைப் பார்க்கத் தோதாக இருந்தாக வேண்டும். வாலிபர்களை இடம் மாற்றினால் சபையை விட்டே மாறிவிடுவார்கள். மனஸ்தாபத்தால் ஒரே பெஞ்சின் இரு முனையில் உட்கார்ந்திருந்த தம்பதிக்கு, இடம் மாறினால் சமாதானம் ஆகிவிடும் அபாயம் இருக்கிறது, அவர்கள் இன்னும் மனதளவில் தயாராகவில்லை என்று விலக்கு. பாடகர் குழுவுக்கும் தூங்குகிற நர்சுகளுக்கும் கேட்காமலே விலக்கு. செயலாளருக்கு? திட்டத்தை நடத்துகிறவர் திட்டத்துக்கு வெளியே நின்றால்தானே கண்காணிக்க முடியும்.

டெய்லர் அக்கா விண்ணப்பம் எதுவும் போடவில்லை. கேட்காமலே புரியும் என்று நினைத்தாள். முதல் வாரக் குலுக்கலில் அவள் பெயர் வந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, டப்பாவில் வேறு சீட்டு இல்லை. ஆனாலும் ஒழுங்குமுறை என்று ஒன்று இருக்கிறதே. செயலாளர் டப்பாவை நன்றாகக் குலுக்கினார். பொருளாளர் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு எடுத்தார். தேவசித்தம் வெளிப்பட்டதற்காகப் போதகர் சுருக்கமாக ஒரு ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்.

அக்கா ஆராதனைக்கு முன்னால் செயலாளரைத் தனியாகப் பிடித்தாள்.

“ஐயா, எனக்கும் ஒரு விலக்கு குடுங்க. நான் அவர் பக்கத்துல இருக்கணும்.”

“ஒரு குடும்பத்துக்கு ஒரு விலக்குதான் சிஸ்டர். உங்க வீட்டுக்கு உண்டானதை உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டோம். அவர் நகர வேண்டியதில்லை.”

“அவரால நகர முடியாதுங்களே.”

“அதைத்தான் சபை அங்கீகரிச்சிருக்கு” என்றார் செயலாளர் கனிவோடு.

அப்படியானால் டாக்டர் வீட்டில் நாலு பேருக்கும் விலக்கு எப்படி என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கோயிலில் வைத்து எதற்கு வாக்குவாதம் என்று விழுங்கிக்கொண்டாள். கணவருடைய மடியில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து, பக்கம் புரளாமல் இருக்க அவருடைய இடது கையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள். பாட்டு அடுத்த பக்கத்துக்குப் போனபோது அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் புத்தகம் விழுந்துவிடும்.

அவருக்கு ‘அன்புத் துணை’ ஒருவரை நியமிக்கவும் குழு தீர்மானித்திருந்தது. யாரை என்பதுதான் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை அந்தக் காலி இடத்தை வீணாக்குவானேன் என்று யாரோ ஒரு கைப்பையை அங்கே வைத்தார்கள். அடுத்த வாரம் இரண்டு குடையும் ஒரு ஹெல்மெட்டும் சேர்ந்தன. ஒரு நர்சு, அவசரத்தில், தன் சாப்பாட்டுப் பையை அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். எழுந்து போக முடியாத மனிதரைவிட நம்பகமான காவல் எங்கே கிடைக்கும்? செயலாளர் இதைக் கவனித்து நெகிழ்ந்துபோனார். நம் சகோதரருக்கும் கர்த்தர் ஓர் ஊழியத்தைக் கொடுத்துவிட்டார் என்று அறிவிப்பு வேளையில் சொன்னார். சபை அன்போடு திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டது.

அக்காவோ ஒற்றை ஆளாக நின்று மொத்தச் சபையையும் ஒருமைப்படுத்திக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் ஜன்னலோரம், ஒரு வாரம் சுவரோரம், ஒரு வாரம் அப்பா பெஞ்சு. ஒவ்வொரு பெஞ்சிலும் முதலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து புன்னகைப்பார்கள். காணிக்கை எடுக்கிற வேளைக்குள் அவளுடைய தொழில் நினைவுக்கு வந்துவிடும். வாலிபர்களுக்கு ஜிப்பு கிழிந்திருக்கும், முதல்வருக்குப் பேண்ட் நீளமாக இருக்கும். டாக்டர் வீட்டம்மா மட்டும் துணி கொண்டுவரவில்லை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட மகளைப் பற்றிக் காதோடு காதாகச் சொல்லி அழுதாள். அக்காவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்தம்மாவுக்கு முகம் தெளிந்திருந்தது. “உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?” என்று அன்போடு கேட்டுவிட்டு, பதிலுக்கு முன் காரில் ஏறினாள்.

இப்படியாக எல்லார் கதையும் அக்காவுக்குத் தெரிந்தது. யார் யாருடன் ஏன் பேசுவதில்லை, யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்த விலக்கு எந்தச் சாக்கில் கிடைத்தது, எல்லாம். அவளைப் பற்றிச் சபைக்குத் தெரிந்தது அவள் யார் இடுப்பு அளவையும் டேப் இல்லாமலே சொல்லிவிடுவாள் என்பது.

கொஞ்ச நாளில் ஒரு ஞாயிறு காலை, சட்டை மாட்டிவிட அவள் அவருடைய இடது கையைப் பிடித்தபோது, கணவர் கையை இழுத்துக்கொண்டார்.

“நான் வரலை” என்றார். அவருக்கு ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க நேரமாகும். “அங்க... நான் பையோட பை.”

அவளுக்குச் சுருக்கென்றது. நீங்க இல்லாம நான் மட்டும் எதுக்கு என்று சட்டையை மடித்துவைத்தாள். ஆராதனை நேரத்துக்குக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து, வரி வரியாக விரலை நகர்த்தினாள். அவர் பாடினார். பல வாரங்களுக்குப் பிறகு அவளும் வாய்விட்டுப் பாடினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாட்டுக்கு நடுவே அவள் காது வாசல் பக்கமே இருந்தது. காணோமே என்று யாராவது வருவார்கள். இத்தனை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள், ஒரு பெஞ்சுக்காவது தோன்றாதா?

அடுத்த ஞாயிறும் போகவில்லை. அதற்கடுத்ததும். ஒருவரும் வரவில்லை.

அதற்காகச் சபையைக் கல்மனம் படைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. வாராவாரம் குலுக்கல் தவறாமல் நடந்தது. ஆராதனை முடிந்ததும் செயலாளர் அந்தந்தப் பெஞ்சில், சிஸ்டர் வந்தாங்களா என்று விசாரிக்கவும் தவறவில்லை. அங்கேதான் அந்தச் சபையின் பண்பு வெளிப்பட்டது. பக்கத்தில் ஒருத்தி வந்தாளா இல்லையா என்பதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் அந்தச் சிஸ்டரின் மனம் எவ்வளவு புண்படும்? ஆகவே, வந்தாங்களே, நல்லாப் பாடினாங்களே என்றார்கள். மற்றப் பெஞ்சுக்காரர்களோ இந்த வாரம் அவள் வேறு பெஞ்சில் இருப்பாள் என்று நிம்மதியாக இருந்தார்கள். ஒரே சமயத்தில் எங்கும் நிறைந்திருப்பது கடவுளுக்கு மட்டுமே உரிய குணம் என்று போதகர்கள் சொல்லுவார்கள். டெய்லர் அக்காவுக்கும் அது கைகூடிவிட்டது.

விருதும் கைகூடியது. மேற்பார்வைப் போதகரே நேரில் வந்து தரப்போவதாகச் செய்தி வந்தது.

அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக் கதவைச் செயலாளர் தட்டினார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவசர அவசரமாகக் கட்டில் விரிப்பை இழுத்துவிட்டாள், நாற்காலி மேல் கிடந்த துணியை எடுத்தாள், அடுப்பில் டீக்கு வைத்தாள். வந்துட்டாங்க பாருங்க, நான் சொல்லலையா என்று கணவரிடம் கிசுகிசுத்தாள். செயலாளர் உட்கார்ந்து, டீயைக் குடித்து, சகோதரருக்காக ஒரு சிறு ஜெபமும் செய்துவிட்டு, பையிலிருந்து ஒரு கோட்டை எடுத்தார். விருது விழாவுக்குப் போட வாங்கியது, கை கொஞ்சம் நீளம்.

அவள் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு கையை மடித்துக் குத்தினாள். சும்மா கையை நீட்டிக்கொண்டு நிற்கச் செயலாளருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

“போன வாரம் சுவரோரப் பெஞ்சுல ரொம்ப நல்லாப் பாடினீங்களாம் சிஸ்டர். பிரின்சிபால் சொன்னார்.”

அக்கா ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

“அதுக்கு முந்தின வாரம்?”

“ஜன்னலோரம். டாக்டர் வீட்டம்மாகிட்ட அவ்வளவு ஆறுதலாப் பேசினீங்களாம். அதுக்கப்புறம்தான் அவங்களுக்குத் தூக்கமே வந்ததாம்.”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கணவருக்குப் புரையேறிவிட்டதோ என்று அவள் பதறித் திரும்பினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். படுத்த நாளிலிருந்து அப்படி அவர் குலுங்கிச் சிரித்ததில்லை. தன்னைப் பார்த்ததில் சகோதரருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று செயலாளரும் சேர்ந்து சிரித்துவிட்டு, கோட்டு சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. டீ டம்ளரைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். “நான் செத்துப் போனாக்கூட இவங்க பெஞ்சுல பாடிக்கிட்டுத்தான் இருப்பேன் போல இருக்கு” என்றாள்.

“போகலாம்” என்றார் கணவர் உள்ளேயிருந்து.

“எதுக்கு? பை பாத்துக்கவா?”

“நீ எங்க... உட்கார்ந்திருக்கேன்னு... பாக்கணும்.”

விழா நாளில் அவர்கள் சீக்கிரமே வந்தார்கள். அக்கா வழக்கமான ஓரத்தில் நாற்காலியை நிறுத்தினாள். பக்கத்து இடத்தில் அதற்குள் யாரோ வைத்திருந்த பைகளையும் குடையையும் எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு தன் பழைய இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். அன்றைக்குக் குலுக்கல் அவளை முதல் பெஞ்சுக்கு அனுப்பியிருந்தது. மேற்பார்வைப் போதகர் கண்ணில் படும்படியாகத் தேவன் சித்தம் கொண்டிருந்தார்.

மேற்பார்வைப் போதகர் வெள்ளை அங்கியும் களைத்த முகமுமாக இருந்தார். செயலாளர் திட்டத்தின் நோக்கத்தையும் வரைமுறையையும் வாசித்து முடித்தபோது அவருக்கு ஒரு கேள்வி வந்தது. இந்தத் திட்டத்தால் புதிதாக ஒரு நட்பு கிடைத்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யார் அந்த நண்பர் என்று முதல்வரைக் கேட்டார். டெய்லர் அக்கா என்றார் முதல்வர். டாக்டர் வீட்டம்மாவைக் கேட்டார். டெய்லர் அக்கா. லாரி ஆபீஸ் முதலாளியும் அதையே சொன்னார், வாலிபர்களும் சொன்னார்கள், ஒரே பெஞ்சின் இரு முனைத் தம்பதியும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

“எல்லாருக்கும் ஒரே ஆளா?” என்றார் மேற்பார்வைப் போதகர்.

“அதுதான் ஐயா ஒருமைப்பாடு” என்றார் செயலாளர்.

அந்த அம்மா எங்கே என்று கேட்டபோது ஜன்னலோரத்தார் சுவரோரத்தைக் காட்டினார்கள். சுவரோரத்தார் முன்வரிசையைக் காட்டினார்கள். முன்வரிசை எழுந்து நின்று எல்லாத் திசையிலும் பார்த்தது. கடைசி வரிசை ஓரத்தில் அக்காவின் கணவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

செயலாளர் புதுக் கோட்டோடு இடைவழியில் வேகமாக வந்தார். அவள் தைத்த கை கச்சிதமாக இருந்தது. “சிஸ்டர், உங்க இடம் முன்னால. சீட்டு அப்படித்தான் விழுந்திருக்கு. வாங்க, ஐயா காத்திருக்கார்.”

அக்கா கணவருடைய நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

“நான் வரலைங்க. மூணு ஞாயிறா நாங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரலை. நான் இல்லாத நேரத்துல நல்லாப் பாடினேன்னு நீங்களே வந்து சொன்னீங்க. நான் கோயிலுக்கு வர்றது இவர் பக்கத்துல உட்கார. சபையோட பக்கத்துல நான் உட்காரணும்னா, இனிமே நான் எந்திரிச்சு வரமாட்டேன். சபைதான் எந்திரிச்சு வரணும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சபை தலைகுனிந்தது. டாக்டர் வீட்டம்மா கைக்குட்டையைத் தேடினாள். போதகர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பார்வைப் போதகர், தன் ஊழிய வாழ்க்கையில் இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை என்றார். உடனே பலத்த கைதட்டல் எழுந்தது. கைதட்டல் மட்டும்தான் எழுந்தது.

விருது வழங்கப்பட்டது. அக்காவின் வார்த்தை வீண்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த வாரமே குழு அவசரமாகக் கூடி, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, ‘சபைதான் எழுந்து வர வேண்டும்’ என்ற வாசகத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் பொன்னெழுத்தில் பொறித்துப் பீடத்துக்கு மேலே மாட்டிவிட்டது. எழுத்தை நன்றாகப் பெரிதாகவே போட்டிருக்கிறார்கள். அவரவர் இடத்தை விட்டு எழுந்திராமலே எல்லோராலும் படிக்க முடிகிறது.